வீட்டிலேயே பழைய புல்லட் கட்டுபவர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் சித்தப்பாவின் 1982 மாடல் புல்லட் 350-ஐ திருச்சியில் எங்கள் வீட்டு கார் ஷெட்டில் பதினான்கு மாதம் பிரித்துக் கட்டினேன். இப்போது அதைக் கடைத்தெருவில் நிறுத்தினால் போதும், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து நின்று பேச்சுக் கொடுத்துவிடுகிறார். அப்படிக் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை.

சொல்வதெல்லாம் பழைய 'காஸ்ட் ஐயர்ன்' (வார்ப்பிரும்பு) புல்லட்டைப் பற்றியது. 346 சி.சி., வலது காலில் கியர், இடது காலில் பிரேக். இங்கிலாந்தின் ரெட்டிச்சில் ராயல் என்ஃபீல்டு கம்பெனியில் பிறந்த வண்டி. 1955-ல் அந்தக் கம்பெனி மெட்ராஸ் மோட்டார்ஸோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு திருவொற்றியூரில் உருவாகி, ரெட்டிச் ஆலை மூடிய பிறகும் நம் ஊரில் வாழ்ந்த வண்டி. வேறு பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இதில் பாதிக்கு மேல் பொருந்தும்.

இதை வீட்டில் செய்ய முடியுமா? பட்டறை வேண்டாமா?

முடியும். மழை படாத ஓர் இடம், பூட்டக்கூடிய ஓர் அலமாரி, நல்ல வெளிச்சம், இவ்வளவுதான் அடிப்படை. எட்டுக்குப் பத்து அடி இருந்தால் தாராளம். பிரித்த வண்டி முழு வண்டியைவிட மூன்று மடங்கு இடத்தை அடைக்கும் என்பதை மட்டும் முதலிலேயே வீட்டில் சொல்லிவிடுங்கள்.

எல்லாவற்றையும் நீங்களே செய்ய வேண்டியதில்லை. சிலிண்டர் போரிங் (உட்சுவரைக் கடைந்து பெரிதாக்குவது), கிராங்க் (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) வேலை, வெல்டிங், குரோம் பூச்சு ஆகியவற்றை வெளியில்தான் கொடுக்க வேண்டும். பிரிப்பது, சுத்தம் செய்வது, அளப்பது, பூட்டுவது, வயரிங் எல்லாம் வீட்டில்.

எந்த வண்டியை எடுக்கலாம்?

உதிரி கிடைக்கும் வண்டியை எடுங்கள். மைசூரில் செய்த ஜாவா, யெஸ்டி வண்டிகளும் யமஹா ஆர்.எக்ஸ். 100-ம் டூ ஸ்ட்ரோக் என்பதால் எஞ்சினில் பாகங்கள் குறைவு, கற்றுக்கொள்ள எளிது. ஆனால் நல்ல ஆர்.எக்ஸ். 100-க்கு இன்று கேட்கும் விலை நியாயமே இல்லாதது. ராஜ்தூத் 350 அருமையான வண்டி. முதல் வண்டியாக வேண்டாம், உதிரி தேடியே ஆயுசு போய்விடும்.

காஸ்ட் ஐயர்ன் புல்லட்டுக்கு அந்தக் கவலை குறைவு. பல பத்தாண்டுகள் அதே எஞ்சினைச் சின்னச் சின்ன மாற்றங்களோடு செய்துவந்தார்கள். அதனால் சென்னை ஜி.பி. ரோட்டில் புது உதிரி, புதுப்பேட்டையில் பழைய உதிரி, ஊருக்கு ஊர் இந்த எஞ்சினைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிக்கத் தெரிந்த ஒரு மெக்கானிக் என்று எல்லாமே உண்டு. பெயரில் காஸ்ட் ஐயர்ன் என்று இருந்தாலும் இரும்பு சிலிண்டர் மட்டும்தான், ஹெட் அலுமினியம். சிலிண்டர் இரும்பு என்பது பின்னால் எஞ்சின் வேலையில் முக்கியமாகப் படும்.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

முதலில் ஆர்.சி. புத்தகம். எஞ்சின் ஓடுகிறதா என்பது இரண்டாவது. எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். எண் இருக்கும் இடத்தில் அழுக்கைத் துடைத்துவிட்டு விரலால் தடவிப் பாருங்கள். அரைத்துவிட்டு மறுபடி குத்தியிருந்தால் அந்த இடம் வழவழப்பாகவோ, சுற்றியிருப்பதைவிடப் பள்ளமாகவோ தெரியும். அரசின் 'பரிவாகன்' இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பதிவு உயிரோடு இருக்கிறதா என்றும் பாருங்கள். முதல் பதிவு 15 ஆண்டுக்குச் செல்லும்; அதன்பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பித்திருக்க வேண்டும். "பேப்பர் பிறகு வாங்கிக்கலாம் சார்" என்று சொன்னால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். பேப்பர் இல்லாத வண்டிக்கு எவ்வளவு உழைத்தாலும் அது ரோட்டில் ஏறாது.

அடுத்தது சேசிஸ். பின்னால் ஐந்து அடி தள்ளிக் குனிந்து நின்று இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். ஹேண்டில் பார் நிற்கும் கழுத்துப் பகுதியில் பெயின்ட் வெடித்திருந்தால், முன்னால் மோதி வளைந்த வண்டியாக இருக்கலாம். எஞ்சின் ஜாம் ஆகியிருந்தால் அதற்காகப் பயப்பட வேண்டாம். பிளக்கைக் கழற்றி அதன் துளை வழியாக டீசல் ஊற்றி நாலைந்து நாள் விட்டால் பெரும்பாலும் இளகிவிடும். கிக்கர் மேல் ஏறி மிதிக்காதீர்கள், கிக்கர் கியரின் பல் போய்விடும்.

சட்டப்படி எவ்வளவு மாற்றலாம்?

இதை வண்டியைப் பிரித்த பிறகு கேட்பவர்கள்தான் அதிகம். முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டியது இது.

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்து ஆர்.சி.யில் பதிந்த விவரங்களிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. அதனால் சேசிஸை வெட்டிப் பின்பக்கத்தைக் குட்டையாக்குவது, வேறு கம்பெனி எஞ்சினை உட்கார வைப்பது எல்லாம் வேண்டாம். அதே வகை எஞ்சினை மாற்றுவதற்கே ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும். நிறம் மாற்றினால் எழுதிக் கொடுத்து ஆர்.சி.யில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

சைலன்சர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். உள்ளே இருக்கும் தடுப்புக் குழாயை உருவிவிட்டால் சத்தத்துக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு. அதைவிட முக்கியம், பக்கத்து வீட்டில் கைக்குழந்தை தூங்கிக்கொண்டிருக்கும். புல்லட்டின் இயல்பான தாளம் தடுப்போடு கேட்கும்போதுதான் அழகு.

ஸ்டைலுக்காகப் பின் மட்கார்டோடு சேர்த்து சேலைக் காப்பையும் பின்னால் உட்காருபவரின் கைப்பிடியையும் கழற்றிவிடுகிறார்கள். பின் சக்கரத்தின் பாதியையாவது மூடும் காப்பு, கைப்பிடி, கால்வைப்பு மூன்றும் மத்திய மோட்டார் வாகன விதிகளில் கட்டாயம். சேலையோ துப்பட்டாவோ சக்கரத்தில் சிக்கி நடந்த விபத்தை ஒருமுறை நேரில் பார்த்தவர்கள் அதைக் கழற்ற மாட்டார்கள்.

அப்படியென்றால் கஸ்டம், அதாவது நம் ரசனைக்கு மாற்றிக் கட்டியது, என்று சொல்ல என்ன மிச்சம்? நிறைய மிச்சம். சீட், ஹேண்டில் பார், விளக்குகள், மட்கார்டின் வடிவம், டாங்க் பெயின்ட், தோல் பைகள், கைப்பிடி ரப்பர் இவையே வண்டியின் முகத்தை மாற்றிவிடும். நான் வைத்துக்கொண்ட விதி ஒன்றே ஒன்று: போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். ரம்பம் தொடக் கூடாது. இனி செய்யப்படாத பொருளை வெட்ட நமக்கு என்ன உரிமை இருக்கிறது என்று எனக்கு உண்மையாகவே தோன்றுகிறது.

என் வண்டிக்கு 50 வயது தாண்டிவிட்டது. விண்டேஜ் பதிவு வாங்கலாமா?

2021-ல் இதற்கென்று தனி விதி வந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, மூல வடிவம் மாறாத வண்டிகளுக்கு 'வி.ஏ.' என்ற எழுத்துகள் கொண்ட எண் கொடுக்கிறார்கள். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், மறுபதிவுக்கு 5,000. ஆனால் அந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பழுதுபார்ப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே ஓட்டலாம். தினமும் ஆபீஸ் போக முடியாது. தினம் ஓட்ட நினைப்பவர்கள் சாதாரணப் பதிவையே புதுப்பித்துக்கொள்வது நல்லது.

கவனியுங்கள், மூல வடிவம் என்பதுதான் நிபந்தனை. 50 வயது தாண்டிய வண்டி கையில் இருந்தால் கஸ்டம் ஆசையை விட்டுவிடுங்கள். அது எப்படி இருந்ததோ அப்படியே மீட்டுக் கட்டுங்கள். கஸ்டம் வேலைக்கு எண்பது, தொண்ணூறுகளின் வண்டிகள் எத்தனையோ இருக்கின்றன.

என்னென்ன கருவி வேண்டும்?

ரிங் ஸ்பேனர் செட், ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்), டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து பூட்டும் ஸ்பேனர்), இம்பாக்ட் ஸ்க்ரூ டிரைவர் (சுத்தியால் அடித்தால் திருகும் திருப்புளி), மரச்சுத்தி, கிளட்ச் புல்லர், மேக்னட் புல்லர், ஒரு மல்டி மீட்டர். துடைக்கக் கிலோக்கணக்கில் பனியன் வேஸ்ட். இம்பாக்ட் டிரைவரை மட்டும் கடன் வாங்காதீர்கள், சொந்தமாகவே வாங்குங்கள். கிராங்க் கேஸ் ஸ்க்ரூக்களைச் சாதாரணத் திருப்புளியால் திருகினால் தலை வழுக்கி, அதை எடுக்கத் தனியாக ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

ஒரு விஷயம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை. பழைய புல்லட்டில் மரைகள் ஒரே இனம் இல்லை. ஆங்கிலேயர் காலத்து அங்குல மரையும் மில்லிமீட்டர் மரையும் கலந்து கிடக்கும். பார்க்க ஒன்றுபோல இருக்கும் இரண்டு போல்ட் ஒன்றுக்கொன்று சேராது. கையால் நாலைந்து சுற்று சுலபமாக ஏறாத போல்ட்டை ஸ்பேனர் போட்டு ஏற்றாதீர்கள். அதேபோல் எஞ்சினின் வலப்புறத்தில், டைமிங் பக்கம் என்று சொல்லும் இடத்தில், எண்ணெய்ப் பம்பைச் சுற்றும் புழு நட்டு இடது மரை. வழக்கம்போல் திருகினால் இன்னும் இறுகும், அல்லது உடையும்.

பிரிக்கும்போது பாகங்கள் குழம்பாமல் இருக்க?

ஒவ்வொரு பகுதியையும் கழற்றுவதற்கு முன் ஒரு போட்டோ, கழற்றிய பின் ஒரு போட்டோ. சின்னப் பாகங்களுக்கு பிஸ்கட் டப்பா, காப்பித்தூள் டப்பா, மேலே ஒட்டிய சீட்டில் பெயர். போல்ட்டுகளை முடிந்தவரை அவை இருந்த துளையிலேயே இரண்டு சுற்று திருகி வைத்துவிடுங்கள். நான் எஞ்சினுக்குத் தனியாக ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டேன். எந்த வாஷர் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பதுவரை அதில் படம் போட்டிருக்கிறேன். எட்டு மாதம் கழித்துப் பூட்டும்போது அந்த நோட்டு இல்லையென்றால் திணறியிருப்பேன்.

பழைய பிரேக் ஷூக்களில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைத் திறந்ததும் வாயால் ஊதாதீர்கள், ஏர் அடிக்காதீர்கள். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

எஞ்சினில் எதை மாற்றுவது, எதை விடுவது?

இந்த எஞ்சினின் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 70 மி.மீ., ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) 90 மி.மீ. நீளமான ஸ்ட்ரோக், கனமான ஃப்ளைவீல். வேகத்துக்குச் செய்ததல்ல, இழுவைக்குச் செய்தது. 18 குதிரைசக்திதான். இதில் பெரிய கார்பரேட்டர் வைத்து, கம்ப்ரஷன் ஏற்றி இன்னும் பிழிய நினைப்பவர்கள் சீக்கிரமே பிக் எண்டை, அதாவது கனெக்டிங் ராடு கிராங்க்கோடு சேரும் பேரிங்கை, கெடுத்துக்கொள்கிறார்கள். இருக்கும் 18-ஐ ஒழுங்காக மீட்டெடுத்தாலே மனசு நிறைந்துவிடும்.

கிராங்க்கை முதலில் பாருங்கள். பிஸ்டன் உச்சியில் இருக்கும்போது கனெக்டிங் ராடை இரண்டு விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். மேல் கீழ் ஆட்டம் துளியும் கூடாது. பக்கவாட்டில் லேசாக நகர்ந்தால் பரவாயில்லை. மேல் கீழ் ஆட்டம் இருந்தால் கிராங்க்கைப் பிரித்து, பிக் எண்ட் போட்டு, டயல் கேஜில் சுற்றி நேராக்கித் தரும் ஆளிடம் கொடுக்க வேண்டும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

சிலிண்டர் தேய்ந்திருந்தால் போர் போட்டு ஓவர்சைஸ் பிஸ்டன். இங்கேதான் நான் பட்ட அடி. ஒரு லேத் பட்டறையில் சிலிண்டரைக் கொடுத்தேன், பிஸ்டனை மறுநாள் கொண்டுவருவதாகச் சொன்னேன். மறுநாள் போனால் பிஸ்டன் வராமலேயே போர் முடிந்து இருந்தது. "சைஸ் நமக்குத் தெரியும் தம்பி" என்றார்கள். நானும் அளக்காமல் பூட்டிவிட்டேன். மதுரை ரோட்டில் விராலிமலை நெருங்கும்போது எஞ்சின் சத்தம் மெல்ல இறுகியது. யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வண்டி கனத்தது. கிளட்ச்சைப் பிடித்து ஓரம் கட்டுவதற்குள் நின்றுவிட்டது. ஒரு புளியமரத்தடியில் முக்கால் மணி நேரம் ஆறவைத்து, மெல்ல ஓட்டி வீடு வந்தேன். பிரித்துப் பார்த்தால் பிஸ்டன் பாவாடையில் (பிஸ்டனின் கீழ்ப்பகுதியில்) நான்கு மூலையிலும் நெட்டுக்குத்தாகக் கீறல். இடைவெளி போதாமல் பிடித்ததன் கையெழுத்து அது. இரும்பு சிலிண்டரைவிட அலுமினிய பிஸ்டன் சூட்டில் அதிகம் விரியும், அதற்கு இடம் விட்டிருக்கவில்லை. வேறு இடத்தில் பிஸ்டனை அளந்து, அதற்குத் தக்கபடி சிலிண்டர் உட்சுவரை மெல்லத் தேய்த்து ஹோனிங் செய்து வாங்கிய பிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை. ஆகவே பிஸ்டனையும் சிலிண்டரையும் ஒன்றாகக் கொடுங்கள், பிஸ்டனை அளக்காமல் போர் போடவிடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் பிஸ்டன் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, அதன் இரு முனைக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால் பாருங்கள். 0.3 மி.மீ. அருகில் இருக்க வேண்டும்.

இன்னொரு சின்னப் பொருளைச் சொல்லாமல் விட முடியாது. டைமிங் கவரின் உள்பக்கம், கிராங்க் முனை வந்து உட்காரும் இடத்தில் விரல் நுனி அளவுக்கு ஒரு கார்க் சீல் இருக்கும். பம்பிலிருந்து வரும் எண்ணெய் அதன் வழியாகத்தான் கிராங்க்குக்குள் நுழைந்து பிக் எண்டுக்குப் போகிறது. அது காய்ந்து சுருங்கினால் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். வெளியில் எதுவும் தெரியாது. ஒரு டீ குடிக்கும் காசுதான் அதன் விலை. டைமிங் கவரைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் புதிது போடுங்கள். பக்கத்தில் இருக்கும், எண்ணெயை வடிகட்டும் ஃபெல்ட் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

வால்வு டேப்பட் இடைவெளி பார்க்க நிறையப் பேர் ஃபீலர் கேஜை எடுத்துக்கொண்டு வருகிறார்கள். இந்த எஞ்சினில் குளிர்ந்த நிலையில் இடைவெளி சுழியம். கம்ப்ரஷன் ஸ்ட்ரோக்கின் உச்சியில் பிஸ்டனை நிறுத்தி, வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடை விரலால் சுற்றினால் தாராளமாகச் சுற்ற வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. விரல்தான் அளவுகோல்.

எண்ணெய் ஒழுகாத புல்லட் உண்டா?

உண்டு. கேஸ் மூடும் முகங்களைக் கண்ணாடித் தகட்டின் மேல் ஒட்டிய உப்புத்தாளில் எட்டு வடிவத்தில் தேய்த்து மட்டமாக்கி, புது பேக்கிங் போட்டு, அனபாண்ட் பசையை மெல்லிசாகத் தடவிப் பூட்டினால் ஒழுகாது. அனபாண்டை அள்ளி அப்பினால் உள்பக்கம் பிதுங்கி, துண்டு துண்டாக உடைந்து எண்ணெய்ப் பாதையை அடைக்கும். எஞ்சினுக்குள் சேரும் காற்றை வெளியே விடும் ப்ரீதர் குழாய் அடைத்திருந்தாலும் ஒழுகும். முதலில் அதைப் பாருங்கள்.

டாங்க் உள்ளே முழுக்கத் துரு. புதிது வாங்கவா?

பழைய டாங்க்கின் தகரம் இப்போது கிடைக்கும் மாற்று டாங்க்கைவிடப் பெரும்பாலும் கனமானது. ஓட்டை இல்லாதவரை காப்பாற்றுங்கள். பெட்ரோல் டேப்பைக் கழற்றித் துளையை அடைத்து, உள்ளே ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டுக் குலுக்குங்கள். கொட்டிவிட்டு, கடையில் லெமன் சால்ட் என்று விற்கும் சிட்ரிக் ஆசிட்டை லிட்டருக்கு 50 முதல் 100 கிராம் கலந்து விளிம்புவரை ஊற்றி ஒருநாள் விடுங்கள். அப்புறம் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் அலசி, உடனே வெயிலிலும் ஹேர் டிரையராலும் காயவைத்து, உள்சுவர் முழுக்க எண்ணெய் படும்படி உருட்டுங்கள். காய்வதில் அரை மணி தாமதித்தாலும் துரு மஞ்சளாகத் திரும்ப வந்துவிடும்.

ஓட்டை இருந்தால் வீட்டில் வெல்டிங் வைக்கவே வேண்டாம். காலி டாங்க்கில் தங்கியிருக்கும் பெட்ரோல் ஆவி வெடிக்கும். ஆளைக் கொன்றிருக்கிறது.

வயரிங் பயமாக இருக்கிறது. எப்படித் தொடங்குவது?

பழைய வயரை ஒட்டுப்போட்டு ஓட்டாதீர்கள், மொத்தமாகப் புதுசு போடுங்கள். இந்த வண்டியில் இருப்பதே பத்துப் பன்னிரண்டு இணைப்புதான். ஒரு வெள்ளைத் தாளில் பாட்டரி, சாவி, அம்மீட்டர் (மின்னோட்டத்தைக் காட்டும் மீட்டர்), காயில், விளக்குகள் என்று வரைந்து ஒவ்வொன்றாகக் கோடு இழுத்தால் ஒரு மாலையில் புரிந்துவிடும். ஒவ்வொரு விளக்குக்கும் தனியாக எர்த் வயர் இழுங்கள். பெயின்ட் அடித்த சேசிஸை நம்பாதீர்கள். பழைய வண்டிகள் 6 வோல்ட். இரவில் ஓட்டுவதென்றால் 12 வோல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள், பாட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் கட்டாயம்.

எந்த ஸ்டைலில் கட்டலாம்? கஃபே ரேசரா, பாபரா?

எங்கே ஓட்டப்போகிறீர்கள் என்பதை வைத்து முடிவெடுங்கள். கஃபே ரேசரின் தாழ்ந்த ஹேண்டில் பார் படத்தில் அழகு. தில்லைநகர் டிராஃபிக்கில் மணிக்கட்டு கழன்றுவிடும். பாபர் என்று பின் மட்கார்டை நறுக்கினால் ஐப்பசி மழையில் முதுகு முழுக்கச் சேறு. என் வண்டிக்கு ஸ்பிரிங் வைத்த ஒற்றைத் தோல் சீட்டும், பின்னால் அதேபோல் ஒரு சின்ன சீட்டும், கொஞ்சம் தட்டையான ஹேண்டில் பாரும் போட்டேன். 19 அங்குல ஸ்போக்ஸ் சக்கரம், 3.25 டயர் இரண்டும் கம்பெனியில் வந்தபடியே. ஹெட்லைட்டின் இரு பக்கமும் இருக்கும் சின்னக் கண்விளக்குகளை எடுக்க எனக்கு மனசு வரவில்லை. அவை போனால் புல்லட்டின் முகமே போய்விடுகிறது.

பெயின்ட்டை வீட்டில் அடிக்கலாமா?

சேசிஸுக்குப் பவுடர் கோட்டிங் கொடுத்துவிடுங்கள். அனுப்பும் முன் சேசிஸ் எண் இருக்கும் இடத்தையும் மரைகளையும் மறைக்கச் சொல்ல மறக்காதீர்கள், எண் மூடிப்போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸில் அலைய வேண்டிவரும். டாங்க்கையும் டூல் பாக்ஸையும் வீட்டில் அடிக்கலாம். பட்டி குறைவாக, உப்புத்தாள் தேய்ப்பு அதிகமாக. முகமூடி போடுங்கள், மழைக்காலத்தில் அடிக்காதீர்கள், ஈரம் பட்டால் பளபளப்பு வெளுத்துப்போகும்.

டாங்க்கின் பொன்கோட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். திருவொற்றியூரில் அந்தக் கோட்டை ஸ்டிக்கர் இல்லாமல் கையாலேயே போட்டார்கள். எங்கள் தெருவில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்த ஒரு பெரியவரை அழைத்துவந்தேன். டாங்க்கைப் பழைய டயர் மேல் உட்காரவைத்தார். நீண்ட மயிர் கொண்ட ஒற்றைத் தூரிகையைப் பெயின்ட்டில் நனைத்து, சுண்டு விரலை டாங்க் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி முன்னிருந்து பின்வரை ஒரே இழுப்பு. டேப் ஒட்டவில்லை, பென்சில் கோடு போடவில்லை. உற்றுப்பார்த்தால் வளைவில் கோடு ஒரு மயிரிழை தடிப்பதும் மெலிவதும் தெரியும். எனக்கு வண்டியில் மிகவும் பிடித்த இடம் அதுதான். போர்டு எழுதும் ஓவியர்கள் உங்கள் ஊரிலும் இருப்பார்கள். தேடிப் பிடித்து, நல்ல கூலி கொடுத்துச் செய்யுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

பாயிண்ட் (பிளக்கில் பொறி வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் சுவிட்ச்) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வர 0.8 மி.மீ. இருக்கும்போது பாயிண்ட் திறக்க வேண்டும். பாயிண்ட்டுக்கு நடுவில் மெல்லிய சிகரெட் தாளை வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு எஞ்சினைச் சுற்றினால், தாள் நழுவும் இடம்தான் திறக்கும் இடம்.

எஞ்சினுக்கு 20டபிள்யூ50 எண்ணெய், கிளட்ச் பக்கத்து செயின் கேஸுக்குத் தனியாக 420 மி.லி. பிளக்கைக் கழற்றிவிட்டு முப்பது நாற்பது தடவை கிக் அடியுங்கள். ஹெட்டுக்குப் போகும் எண்ணெய்க் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள். அங்கே எண்ணெய் கசிவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் பிளக்கைப் பூட்ட வேண்டும்.

ஸ்டார்ட் ஆனதும் சைலன்சரில் நீலப் புகை கிளம்பினால் பதறாதீர்கள். நாள்கணக்கில் நின்ற வண்டியில் எண்ணெய் மெல்லக் கீழே கிராங்க் கேஸுக்குள் இறங்கியிருக்கும். அது எரிந்து தீரும்வரை புகைக்கும். பத்து நிமிடத்துக்கு மேலும் நிற்காவிட்டால்தான் ரிங்கைச் சந்தேகப்பட வேண்டும்.

கிக் அடித்தால் திருப்பி அடிக்கிறது. பயமாக இருக்கிறது.

வேகமாக அடிப்பதால்தான் அடி வாங்குகிறோம். சாவியைப் போட்டு கிக்கரை மெதுவாக அழுத்துங்கள், அம்மீட்டர் முள்ளைப் பாருங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது முள் இடப்பக்கம் சாயும், திறந்ததும் நடுவுக்கு வரும். கிக்கர் கனத்து நிற்கும் இடத்தில் முள்ளும் நடுவில் நின்றால் அதுதான் உச்சி. அங்கே இடக்கையில், சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரஷர் லீவரைப் பிடித்து இன்னும் கொஞ்சம் மட்டும் இறக்கி, லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, முழுக்க ஒரே மிதி. பாதியில் காலை எடுக்கக் கூடாது. இந்த முறையில் என் அம்மாகூட ஒருமுறை ஸ்டார்ட் செய்தார். அப்படியும் திருப்பி அடித்தால் டைமிங் முன்னால் போயிருக்கிறது, அதைச் சரிசெய்யாமல் அடுத்த கிக் அடிக்காதீர்கள்.

ரன்னிங் இன் (புதிதாகக் கட்டிய எஞ்சினை மெல்லப் பழக்குவது) எவ்வளவு? இப்போது வரும் பெட்ரோல் சரிப்படுமா?

முதல் 500 கிலோமீட்டருக்கு 40-45 வேகம் தாண்ட வேண்டாம், ஒரே வேகத்தில் நெடுநேரம் போகவும் வேண்டாம். 500-ல் எண்ணெய் மாற்றி, ஹெட் நட்டுகளை மறுபடி டார்க் ரெஞ்ச்சால் பார்த்து, டேப்பட்டைச் சரிபாருங்கள். அதன்பிறகு 1,500 வரை மெல்ல மெல்ல ஏற்றலாம்.

எத்தனால் கலந்த பெட்ரோலில் வண்டி ஓடும். ஆனால் எத்தனால் பழைய ரப்பரை ஊதவைக்கும், காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் குழாய், டேப் வாஷர், கார்பரேட்டர் ரப்பர் எல்லாவற்றையும் புதியதாகப் போடுங்கள். ஒரு வாரத்துக்கு மேல் ஓட்டாமல் நிறுத்துவதென்றால் டேப்பை மூடி, கார்பரேட்டரில் இருப்பதை எரியவிட்டு நிறுத்துங்கள். எத்தனால் கலவையில் காற்றின் அளவோடு ஒப்பிட்டால் எஞ்சினுக்கு எரிபொருள் கொஞ்சம் குறைவதால், பிளக் சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் கார்பரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான மெயின் ஜெட்டை ஒரு படி ஏற்ற வேண்டியிருக்கும். இளம்பழுப்பு நிறம் வந்தால் சரி.

எவ்வளவு செலவாகும்? எவ்வளவு நாளாகும்?

வண்டிக்கு வண்டி மாறும். நீங்கள் மனதில் போடும் கணக்கோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். எஞ்சினும் குரோம் பூச்சும்தான் பணத்தை விழுங்கும். வாரக் கடைசியில் மட்டும் வேலை பார்த்தால் ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பணம் குறையும்போது பெயின்ட்டைத் தள்ளிப்போடுங்கள், பிரேக்கையும் டயரையும் தள்ளிப்போடாதீர்கள். பழைய 6 அங்குல முன் டிரம்மில் புது ஷூ, புது கேபிள், சரியாகக் கடைந்த டிரம் மூன்றும் இருந்தால்தான் இன்றைய ரோட்டில் ஓரளவுக்காவது நிற்கும். முன்னால் போகும் வண்டியிலிருந்து எப்போதும் இரண்டு மடங்கு தள்ளிப் போங்கள்.

கழற்றிய பழைய பாகங்களை விற்றுவிடலாமா?

வேண்டாம். சித்தப்பா ஓட்டிய நீளச் சீட், பழைய ஹேண்டில் பார், தேய்ந்த கைப்பிடி ரப்பர், பேட்ஜ், அசல் நட்டுகள் எல்லாவற்றுக்கும் கிரீஸ் தடவி, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு கட்டிலும் எந்தப் பக்கம், எந்த போல்ட் என்று எழுதிய சீட்டு இருக்கிறது. அந்த நாற்பது பக்க நோட்டும் அதே சாக்கில். நாளைக்கு என் மகளுக்கோ வேறு யாருக்கோ 1982-ல் ஷோரூமிலிருந்து வந்தபடி இந்த வண்டியைப் பார்க்க ஆசை வந்தால், ஒரு ஸ்பேனர் செட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் போதும்.